முட்டைக்கோஸுக்குத் தலை சுற்றாது

என் மனைவிக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அதே மலையில் வாழ்க்கைப்பட்டு, முதுகில் கொழுந்துக் கூடையோடு இருபது வருடம் சரிவில் ஏறி இறங்கியவள். ஒருநாளும் கால் வழுக்கி விழுந்ததில்லை. ஆனால் கண்ணாடி ஏற்றிய காரில் உட்கார்ந்து இரண்டு வளைவு தாண்டினால் முகம் வெளிறிவிடும். மூன்றாவது வளைவில் நிறுத்தச் சொல்வாள். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் லயத்தில் வேன் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஜொகூரில் அவளுடைய அண்ணன் தவறிவிட்டார். செய்தி கேட்டதும் பக்கத்து வீட்டு வேனில் கிளம்பினோம். மலை இறங்கி சிம்பாங் பூலாய் வந்து சேர்வதற்குள் ஒன்பது இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. கீழே வந்ததும் படுத்தவள் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் ஜொகூர் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டைக்கூடக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லையே என்று அவள் சத்தம் போட்டு அழவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இனிமே நான் மலைய விட்டு எறங்கல." சொன்னபடியே இருந்தாள்.

போன வருடம் ஜொகூரிலிருந்து அவள் அக்கா போன் செய்தார். அக்காவின் வீட்டுக்காரருக்கு அறுபது முடிகிறது, மணிவிழா வைத்திருக்கிறார்கள். அண்ணனும் போன பிறகு அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது என் மனைவி மட்டும்தான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"நீ வரலன்னா நான் மாலைய கையில வாங்க மாட்டேன், பாத்துக்க."

என் மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெளியே என் கார் நின்றது.

"வர்றேன்க்கா. இவரோட பழைய காடில வர்றேன்" என்றாள்.

எங்கள் பேச்சில் காடி என்கிற அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் போதும் போதும் என்கிற வரைக்கும் சொல்லுவேன், அதனால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பிறப்பதற்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த சின்ன நாலு கதவுக் கார். வெண்ணெய் நிறம். லெம்பா பெர்த்தாமில் சேற்று வெள்ளம் வந்த பிறகு, ஒரு சீனத் தோட்டக்காரர் வீட்டுக் கொட்டகையில் ஜன்னல் வரைக்கும் சேறு அப்பிக் கிடந்தது. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது. எடுத்துக்கொண்டு வந்து, கழற்றி, கழுவி, திரும்பப் பூட்ட ஆறு வருடம் ஆனது; அண்ணன் தவறியபோது அது பிரித்த நிலையில் கிடந்தது. அந்த ஆறு வருடமும் என் மனைவி துணி காயப்போட இடமில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் முதல்முறையாக அதில் உட்கார வைத்துப் பக்கத்து ஊர் திரிங்காப் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது, போகவும் வரவும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியை முழுக்க இறக்கலாம், குளிர்சாதனம் கிடையாது, வாசனைத் திரவியம் தொங்கவில்லை, வண்டி மெதுவாகத் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போகும். இதனால்தான் அவளுக்கு ஆகிறது என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். டயரைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே வரவில்லை.

அக்கா போன் வைத்ததும் நான் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு டயரும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தன. எங்கள் பனியும் ஈரமும் ரப்பரைச் சும்மா விடாது. தரையில் படுகிற பக்கத்து வெட்டெல்லாம் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் விரலால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறந்தது. திரிங்காப் போய் வர இது போதும். ஜொகூர் வரைக்கும் நெடுஞ்சாலையில், அந்த வெயிலில், ஓடவே ஓடாது. புது டயர் வாங்கியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். புது டயர் என்றதும் என் மனம் மணிவிழாவை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டது. ஜொகூர் மண்டபத்து வாசலில் என் கார் போய் நிற்கிறது, அக்காவின் சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாம் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அப்படி ஒரு படம். அந்தப் படத்தில் என் கார் பழைய இரும்பு ரிம்மோடு நிற்கவில்லை. அகலமான ஸ்போர்ட் ரிம், ஆரக்கால் மாதிரி ஐந்து கை வைத்தது, வெள்ளி மாதிரி மின்னுகிறது.

ஈப்போவில் கூட்டாளி ஒருவனிடம் அப்படியே ஒரு செட் இருந்தது. எடுத்துக்கொண்டு கம்போங் ராஜா டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம் ஆள்தான், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருக்குப் பழக்கம் எல்லாம் காய்கறி லோரிகளோடுதான். சின்னக் கார் ஒன்று கடைக்குள் வந்தால் விருந்தாளி வந்த மாதிரி மகிழ்ந்துபோவார்.

"அண்ணே, இந்த ரிம்ம போட்டா வண்டி புது மாப்பிள மாதிரி ஆயிடும்லா" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. ரிம் பெரிதானால் ரப்பர் குறையும். அவர் மாட்டிய டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் மூன்று விரல் தடிமன்தான் இருந்தது. பழைய டயரிலோ உள்ளங்கையை அப்படியே வைக்கலாம். பார்க்க இதுதான் அழகு.

"காத்து எவ்ளோண்ணே?"

"சாமான் ஏத்தப் போறேன். கெட்டியா அடிச்சிடுங்க."

எங்கள் மலையில் டயர் என்றால் கல்லு மாதிரி இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் காய்கறி லோரியைப் பார்த்து வளர்ந்த புத்தி அது. அவரும் கேள்வி கேட்காமல் முப்பத்தாறு பவுண்டு அடித்தார்.

மறுநாள் சோதனை ஓட்டம் வைத்தேன். எதையும் சோதிக்காமல் செய்கிறவன் இல்லை நான். ஜொகூருக்கு நாங்கள் இரண்டு பேர், பெட்டி, அக்கா வீட்டு விருந்துக்குக் காய்கறி. மலையை விட்டு இறங்குகிற எவரும் வெறும் வண்டியோடு இறங்குவது எங்கள் ஊரில் கிடையாது, கோஸோ தக்காளியோ பூவோ பின்னால் இருக்க வேண்டும். ஆக மொத்தப் பாரத்தையும் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான். தோட்டக்கார நண்பரிடம் எட்டுக் கூடை முட்டைக்கோஸ் இரவல் வாங்கினேன். மூன்று கூடையை முன் சீட்டிலும் அதன் காலடியிலும் வைத்தேன். என் மனைவிக்குப் பதில் அது. அவள் எடையை அவளிடமே கேட்கிற தைரியம் எனக்கு இல்லாததால் குத்துமதிப்பாகத்தான் வைத்தேன். மிச்சத்தைப் பின்னால் அடைத்தேன்.

திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா போய்த் திரும்பினேன். வண்டி தண்டவாளத்தில் போவது மாதிரி போனது. வளைவில் சாயவில்லை, டயர் மட்கார்டில் உரசவில்லை, ஒரு கோஸ் உருளவில்லை. எதிரே வந்த லோரிக்காரன் ஒருவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். வீட்டுக்கு வந்து இரண்டு குவளை தேநீர் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை ஏற்றிக்கொண்டு போனேன். தோட்டத்து கேட் தாண்டி முதல் வளைவில் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாவதில் பேச்சு நின்றது. மூன்றாவதில், "நிறுத்துங்க" என்றாள்.

பூத்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரம் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள். கொண்டுவந்த தண்ணீரைக் கொடுத்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"காலைல என்ன சாப்ட்ட?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பவும் சாப்டறதுதான். இந்தக் காடில இதுக்கு முன்னாடி வந்தப்பவும் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்."

"முந்தாநாள் நானே டெஸ்ட் பண்ணேன். எட்டுக் கூட கோஸ் ஏத்தி கம்போங் ராஜா வரைக்கும் போய்ட்டு வந்தேன். ஒரு ஆட்டம் இல்ல."

"கோஸுக்குத் தல சுத்துமா?"

அவள் விடவில்லை.

"என்னைய எத்தன கூடன்னு போட்டீங்க?"

"ரெண்டு" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் கண் கலங்கிவிட்டது. "நான் வரலன்னு அக்காட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அவள் உட்கார முடிந்த ஒரே காரை நானே கெடுத்துவைத்திருக்கிறேன். அது அந்த நிமிடம் முழுதாக உறைக்கவில்லை, கோபம்தான் வந்தது. சாலை சரியில்லை, பனி அதிகம் என்று என்னென்னவோ சொன்னேன்.

திரும்பக் காரில் ஏறமாட்டேன் என்று அவள் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். அவளை விட்டுவிட்டு நான் எப்படி முன்னால் போவது? பின்னாலேயே நடை வேகத்தில் ஓட்டினேன். இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு. ஞாயிறு ஆனதால் வெளியே உட்கார்ந்திருந்த லயத்து ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நடக்கிறாள், பின்னால் வெள்ளி ரிம் போட்ட கார் ஒன்று ஊர்வலமாக வருகிறது. இதைவிட மானக்கேடு எனக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை.

அப்படி ஊர்ந்துகொண்டு போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாலையில் கிடந்த ஒவ்வொரு பொடிக்கல்லும் டயர் வழியாக, சீட் வழியாக, என் முதுகுத்தண்டுக்கு வந்து சேர்ந்தது. படபடவென்று நிற்காத நடுக்கம். கோஸ் ஏற்றி வேகமாக ஓட்டிய அன்றும் இது இருந்திருக்கும். அன்று நான் கட்டை விரலைத் தூக்கிய லோரிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய டயரின் அத்தனை உயர ரப்பரும் இந்த நடுக்கத்தைத் தானே வாங்கிக்கொண்டு அவளிடம் வெறும் ஆட்டத்தை மட்டும் கொடுத்திருக்கிறது. ஆட்டம் அவளுக்கு ஆகும், நடுக்கம்தான் ஆகாது.

அக்காவுக்கு நான் போன் செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் காரைத் தூக்கி நிறுத்தி ஸ்போர்ட் ரிம்மைக் கழற்றினேன். பழைய இரும்பு ரிம் நாலையும் துருவைத் தேய்த்து, வெண்ணெய் நிறமே அடித்தேன். சாயங்காலம் அவள் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை டயர் கடைக்கு அவளும் வந்தாள். வரும்போது மட்டும் பழைய வெடிப்பு டயரைப் போட்டு மெதுவாகக் கூட்டிவந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நினைத்தது சரிதான்.

ஒல்லியான, உயரமான டயர் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. கடைக்காரர் முதலில் வேன் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அளவு சரியாக இருந்தது. "செம கெட்டிண்ணே, பத்து வருசம் கேள்வி இல்ல" என்றார். பழைய புத்தி எங்கே போகும், எனக்கு ஆசை வந்தது. என் மனைவி குனிந்து, தக்காளி பார்ப்பது மாதிரி அதன் பக்கவாட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள். இம்மி அமுங்கவில்லை.

"தம்பி, இது சாமான் ஏத்துற டயரு. நான் சாமான் இல்ல" என்றாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சரியான டயர் ஈப்போவிலிருந்து வர நாலு நாள் ஆனது. ஸ்பேரோடு சேர்த்து ஐந்து. டயர் ஓரத்தில் கடைசி நாலு எண் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும். பழைய சரக்கை மெருகேற்றித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் ஐந்தையும் முட்டி போட்டுப் படித்தேன். எல்லாம் அந்த வருடத்துச் சரக்குதான். என் மனைவியும் ஐந்தையும் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினாள்.

பிறகு காற்று. காரோடு வந்த பழைய கையேட்டில் இருபத்து நாலு என்று இருந்தது. சேற்றில் ஊறி, பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்ட புத்தகம். கடைக்காரர் நம்பவில்லை.

"இருபத்து நாலா? பஞ்சர் ஆன டயர்லகூட அதுக்கு மேல இருக்கும்லா. பொஸ்தகம் தப்பா அச்சடிச்சிருப்பாங்க."

"இவள ஒக்கார வெச்சுப் பாத்துடுவோம்" என்றேன்.

முதலில் முப்பது. கடையிலிருந்து கிளந்தான் மாநிலத்துக்குப் பாதை பிரியும் இடம் வரைக்கும் போய்த் திரும்பினோம். "கல்லு தெரியுது" என்றாள். குறைத்தால் சரியாகிவிடும் என்று ஒரேயடியாக இருபதுக்கு இறக்கச் சொன்னேன். பாதி வழியில், "படகுல போற மாதிரி இருக்கு. இதுக்கு அதுவே தேவல" என்றாள். கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருபத்து நாலு வைத்தார். மூன்றாவது முறை கிளம்பினோம். முதல் வளைவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வளைவில், "அந்த வீட்ல புதுசா கேட் போட்டுருக்காங்க பாத்தீங்களா" என்றாள். அடுத்தவர் வீட்டைப் பற்றி அவள் பேசினால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பாதை பிரியும் இடம் தாண்டியும் நான் வண்டியைத் திருப்பவில்லை.

திரும்பி வந்தபோது கடைக்காரர் வாசலில் நின்றார். "பொஸ்தகம் சரிதான்" என்றேன். பின்னால் கோஸ் ஏறும் என்பதால் பின் டயர் இரண்டுக்கும் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும்படி சொன்னார். அதை நானும் ஏற்றுக்கொண்டேன். அவருக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

கிளம்பிய அன்று காலை ஏழு மணிக்குப் பனி இன்னும் விலகவில்லை. தோட்டத்துக் கோயில் முன்னால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி எடுத்தோம். பின்னால் மூன்று கூடைக் கோஸ், ஒரு கூடை தக்காளி, மேலே ஈரத் துணி சுற்றிய ஒரு கட்டுச் சாமந்தி. கம்போங் ராஜா தாண்டி பேராக் பக்கம் இறங்க ஆரம்பித்தோம். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லோரிகள் எங்களைத் தாண்டிப் போயின. போகட்டும் என்று விட்டேன். வளைவுகளை எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். நாற்பதுக்கு மேல் விட்டுப்போய்விட்டது. குளிர் குறைந்து, காற்று வெதுவெதுப்பாகி, காது அடைத்துத் திறந்தது. சுண்ணாம்புக் குன்றுகள் தெரிய ஆரம்பித்தன. சாலை நேரானது. அப்போதுதான் நான் மூச்சை முழுதாக விட்டேன்.

சிம்பாங் பூலாய்க் கடைகள் வந்ததும் அவள் சொன்னாள்: "கொஞ்சம் நிறுத்துங்க."

இவ்வளவு தூரம் வந்து கடைசியில் இப்படியா என்று அவசரமாக ஓரம் கட்டினேன். பிளாஸ்டிக் பையையும் தண்ணீரையும் தேடிக்கொண்டே இறங்கி அவள் பக்கக் கதவைத் திறந்தேன். அவள் தானாக இறங்கினாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். எதிரே கல்லில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்த கடையைப் பார்த்தாள்.

"பசிக்குதுங்க" என்றாள்.

கையில் பையோடு நான் அப்படியே நின்றேன். பிறகு சிரித்தேன். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காத மாதிரி முன்னால் போய் மேசையில் உட்கார்ந்தாள். ஒன்று கேட்டாள், அதை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். பருப்புக் கறியைக் கூடுதலாக ஊற்றச் சொன்னாள். கடைப் பையன் கொண்டுவந்த தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, எங்கள் தோட்டத்துத் தூளாக இருக்காது என்று குறையும் சொன்னாள்.

என் போன் அடித்தது. ஜொகூரிலிருந்து அக்கா. குரலே பயந்துபோய் இருந்தது.

"தம்பி, எங்க இருக்கீங்க? எத்தன எடத்துல நிறுத்துனீங்க? அவ எங்க, படுத்திருக்காளா?"

"மல எறங்கிட்டோம்க்கா. இதான் மொத நிறுத்தம். அவ சாப்ட்டுக்கிட்டு இருக்கா."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என் மனைவி, யாரு, அக்காவா, குடுங்க என்று எண்ணெய்க் கையை நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, அவகிட்ட குடுக்குறேன்" என்றேன்.

"வேணாம் தம்பி" என்றார் அக்கா. "குடுக்காதீங்க. அவ சாப்டட்டும்."